சார்ஜ் ஏறாத செல்போன்: புதிது வாங்குமுன் வீட்டிலேயே பார்க்க வேண்டியவை



கல்வி உதவி, மருத்துவ உதவி கேட்டு டிரஸ்ட் அலுவலகத்துக்கு வரும் குடும்பங்களிடம் சமீப காலமாக ஒரு பேச்சு அடிக்கடி அடிபடுகிறது. "செல் சார்ஜ் ஏற மாட்டேங்குது பாய், ஓ.டி.பி. பார்க்க முடியலை, அதனால விண்ணப்பம் போட முடியலை" என்பதுதான் அது. வீட்டுக்கு ஒரே போன் உள்ள குடும்பத்தில் அந்தப் போன் நின்றால் பாதி வேலை நின்றுவிடும். பிள்ளையின் ஸ்காலர்ஷிப், வங்கிக் கணக்கு, கேஸ் புக்கிங், வளைகுடாவில் இருப்பவர் இரவில் பேசும் அழைப்பு எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன.

போன் சார்ஜ் ஏறவில்லை என்றதும் பலர் போவது புதுப் போன் விற்கும் கடைக்கு. கையில் பணம் இல்லாதவர்கள் தவணைக்கு எடுக்கிறார்கள். அந்தத் தவணைக்குள் வட்டி இருக்கிறதா என்று யாரும் விசாரிப்பதில்லை. இத்தனைக்கும் போனில் கெட்டது, கேபிள் சொருகும் அந்தச் சின்ன வாய் மட்டுமாகத்தான் பல நேரம் இருக்கிறது. சில சமயம் அதுவும் கெட்டிருக்காது. உள்ளே பஞ்சும் தூசியும் அடைத்திருக்கும். பல் குத்தும் குச்சியால் முடிய வேண்டிய வேலைக்கு ஒரு குடும்பம் பல மாதம் கடன் கட்டுவது வீண் விரயம் அல்லவா?

எதை நாமே செய்யலாம், எதைத் தெரிந்தவரிடம் கொடுக்க வேண்டும், கொடுக்கும்போது எதில் கவனம் வேண்டும் என்பதை இங்கே வரிசையாக எழுதியிருக்கிறோம். வீட்டில் உள்ள எல்லோரும் படித்து வைத்துக்கொள்ளுங்கள்.

சார்ஜ் பின்னுக்குள் என்ன இருக்கிறது?

நம் ஊரில் "சார்ஜ் பின்" என்று சொல்லும் இந்த வாய் இன்று பெரும்பாலும் இரண்டு வகைதான்.

பழைய ஆண்ட்ராய்டு போன்களில் இருப்பது மைக்ரோ யு.எஸ்.பி. ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் குறுகலாகவும் இருக்கும். ஒரே பக்கமாகத்தான் சொருக முடியும். உள்ளே மெல்லிய நாக்கு போன்ற ஒரு தகடும், அதில் ஐந்து தொடுகோடுகளும் உண்டு. இருட்டில் தலைகீழாக அழுத்திச் சொருகும்போது இந்த நாக்குதான் வளைகிறது அல்லது உடைகிறது.

இப்போது வரும் போன்களில் இருப்பது சி டைப். 2014-ல் இதன் வடிவம் வெளியிடப்பட்டது. எந்தப் பக்கமாகவும் சொருகலாம். நடுவில் ஒரு நாக்கு, அதன் மேலே 12, கீழே 12 என்று மொத்தம் 24 தொடுகோடுகளுக்கு இடம் உண்டு. எல்லாப் போன்களும் எல்லாவற்றையும் பயன்படுத்துவதில்லை. ஆப்பிள் நிறுவனமும் தன் பழைய லைட்னிங் பின்னை விட்டு, 2023-ல் வந்த ஐபோன் 15 முதல் சி டைப்புக்கு மாறிவிட்டது.

இரண்டு வகையிலும் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். அழுத்திப் பிடிக்கும் ஸ்பிரிங்குகள் போனில் இல்லை, கேபிளின் முனையில்தான் வைக்கப்பட்டிருக்கின்றன. சொருகிச் சொருகி எடுக்கும்போது முதலில் தேய வேண்டியது விலை குறைந்த கேபிள், விலை உயர்ந்த போன் அல்ல என்பதற்காகவே இப்படி வடிவமைத்தார்கள். அதனால்தான் "லூஸ் கான்டாக்ட்" என்றதும் முதலில் கேபிளைச் சந்தேகிக்க வேண்டும்.

நம் ஊரில் சீக்கிரம் கெடுவது ஏன்?

அரியாங்குப்பத்தில் இருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஒரு பக்கம் ஆறு, சற்றுத் தள்ளி வீராம்பட்டினம் கடற்கரை. காற்றிலேயே உப்பும் ஈரமும் இருக்கிறது. ஜன்னல் கம்பி துருப்பிடிக்கும் அதே காரணத்தால் சார்ஜ் பின்னும் அரிக்கிறது. உள்ளே பச்சை நிறப் பூச்சு தெரிந்தால் அது செம்பு அரித்ததன் அடையாளம். மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும் இடத்தில் ஈரமும் உப்பும் சேர்ந்தால் இந்த அரிப்பு இன்னும் வேகமாக நடக்கும்.

கடற்கரைக்கோ நோணாங்குப்பம் படகுத் துறைக்கோ போய் வந்த பிறகு போன் வாய்க்குள் மணல் போயிருக்கும். சட்டைப் பையிலும் கைலி மடிப்பிலும் வைக்கும் போனில் நூல் துகளும் வியர்வையும் சேரும். ஒவ்வொரு முறை கேபிளைச் சொருகும்போதும் அந்தத் துகள்கள் உள்ளே தள்ளப்பட்டு, கடைசியில் ஒரு மெத்தை போல இறுகிவிடும். அதற்குமேல் கேபிள் முழுவதும் உள்ளே போகாது. போனாலும் நிற்காமல் நழுவும்.

முதல் சோதனை: பின்னைத் தொடாமலே

பின்னைக் குற்றம் சொல்லும் முன் மற்றவற்றை ஒவ்வொன்றாக விலக்கிப் பாருங்கள். பத்து நிமிடம் கூட ஆகாது.

1. சுவரில் உள்ள பிளக் பாயின்டை மாற்றுங்கள். அதில் வேறு பொருளைச் சொருகி மின்சாரம் வருகிறதா என்று பாருங்கள்.

2. வேறு போனுக்கு நன்றாக வேலை செய்யும் கேபிளைக் கொண்டுவந்து உங்கள் போனில் சொருகுங்கள். பிறகு சார்ஜரை மாற்றுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது கெட்டது என்று தெரியாமல் போகும்.

3. உங்கள் கேபிளையும் சார்ஜரையும் வேறு போனில் போட்டுப் பாருங்கள். அங்கேயும் ஏறவில்லை என்றால் உங்கள் போன் நன்றாக இருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். கேபிளோ சார்ஜரோ வாங்கினால் போதும்.

4. போனை ஒரு முறை அணைத்துப் போடுங்கள். அணைத்த நிலையில் சார்ஜ் ஏறுகிறதா என்றும் பாருங்கள்.

5. போன் சூடாக இருந்தால் ஆறவிடுங்கள். சூடு அதிகமானால் பேட்டரியைக் காப்பாற்ற போனே சார்ஜை நிறுத்திக்கொள்ளும். வெயிலில் வண்டியில் வைத்திருந்த போனை உடனே சார்ஜில் போட்டால் இப்படி ஆகும்.

6. முற்றிலும் காலியான போனை அரை மணி நேரம் நல்ல சார்ஜரில் விட்டுவையுங்கள். அடிமட்டத்துக்குப் போன பேட்டரி உடனே திரையில் எதையும் காட்டாது.

இந்த ஆறிலும் தீரவில்லை என்றால் பின்னைப் பார்க்கலாம். அதற்கு முன் நோய் எங்கே என்று ஊகிக்கச் சில அடையாளங்கள்:

- கேபிள் முழுவதும் உள்ளே போகாமல் வெளியே இடைவெளி தெரிகிறது: உள்ளே அழுக்கு அடைத்திருக்கிறது.
- சி டைப் கேபிளை ஒரு பக்கமாகப் போட்டால் ஏறுகிறது, திருப்பிப் போட்டால் ஏறவில்லை: ஒரு வரிசைத் தொடுகோடுகள் அழுக்காகவோ உடைந்தோ இருக்கின்றன. கேபிள் முனையிலும் இதே கோளாறு வரலாம், ஆகவே வேறு கேபிளிலும் பார்க்கவும்.
- சார்ஜ் ஏறுகிறது, ஆனால் கம்ப்யூட்டரில் போட்டால் தெரியவில்லை: தகவல் போகும் கோடுகளில் கோளாறு. அல்லது அந்தக் கேபிள் சார்ஜுக்கு மட்டுமே ஆனது.
- முன்பு வேகமாக ஏறியது இப்போது மெதுவாக ஏறுகிறது: கேபிள், சார்ஜர், அழுக்கு மூன்றில் ஒன்று.
- சுத்தம் செய்து, இரண்டு மூன்று கேபிள் மாற்றிய பிறகும் தூக்கிப் பிடித்தால்தான் ஏறுகிறது: பின் ஆடிப்போய்விட்டது. மாற்றத்தான் வேண்டும்.

சுத்தம் செய்யும் முறை

இது வீட்டில் யாரும் செய்யக்கூடிய வேலை. பொறுமை மட்டும் வேண்டும்.

முதலில் போனை முழுவதுமாக அணைத்துவிடுங்கள். வெளிச்சமான இடத்தில் உட்கார்ந்து, இன்னொரு போனின் டார்ச்சை அடித்து உள்ளே பாருங்கள். ஓரங்களிலும் ஆழத்திலும் சாம்பல் நிறத்தில் பஞ்சு போல் தெரிந்தால் அதுதான் எதிரி.

மரத்தாலான பல் குத்தும் குச்சியை எடுத்து, முனையைப் பிளேடால் சீவி தட்டையாக்கிக்கொள்ளுங்கள். மெல்லிய பிளாஸ்டிக் குச்சியும் ஆகும். ஊசி, ஹேர்பின், சேஃப்டி பின், சிம் எடுக்கும் கம்பி எதுவும் கூடாது. இரும்பு, தொடுகோட்டைக் கீறும். இரண்டு கோடுகளை ஒன்றாகத் தொட்டால் ஷார்ட் ஆகவும் செய்யும்.

போனின் வாய் தரையைப் பார்த்திருக்கும்படி பிடித்துக்கொண்டு, குச்சியை ஓரமாக உள்ளே விட்டு, அழுக்கை வெளியே இழுங்கள், உள்ளே குத்தாதீர்கள். சி டைப்பில் நடு நாக்கை நெம்பாமல் அதைச் சுற்றியுள்ள பள்ளத்தில் மட்டும் குச்சியைச் செலுத்த வேண்டும். நாக்கு உடைந்தால் சுத்தம் செய்யும் வேலை பின் மாற்றும் வேலையாகிவிடும்.

பஞ்சு வந்த பிறகு மிருதுவான, காய்ந்த பல் துலக்கும் பிரஷ்ஷால் இரண்டு மூன்று முறை தட்டிவிடுங்கள். வாயால் ஊதாதீர்கள்; எச்சில் ஈரம் உள்ளே போகும். பஞ்சர் கடைக் காற்றும் வேண்டாம். அந்த அழுத்தம் அழுக்கை இன்னும் உள்ளே தள்ளும், அந்தக் காற்றில் ஈரமும் இருக்கும்.

பச்சைப் பூச்சோ பிசுபிசுப்போ இருந்தால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் என்ற திரவம் தேவை. எலக்ட்ரானிக் சாமான் கடையில் "ஐ.பி.ஏ." என்று கேட்டால் கொடுப்பார்கள். 99 சதவீதம் என்று எழுதியதாகப் பார்த்து வாங்குங்கள். பிரஷ்ஷின் முனையை அதில் லேசாக நனைத்து, பின்னுக்குள் தேய்த்து, அரை மணி நேரம் காயவிட்ட பிறகே சார்ஜில் போட வேண்டும். இது எளிதில் தீப்பிடிக்கும். அடுப்புப் பக்கமோ பிள்ளைகள் கையிலோ வைக்காதீர்கள். கைக்குப் போடும் சானிடைசர் இதற்குப் பதிலாகாது; அதில் தண்ணீரும் கிளிசரினும் இருக்கின்றன. பெட்ரோல், அத்தர், தேங்காய் எண்ணெய் எதையும் ஊற்ற வேண்டாம்.

நனைந்த போன்

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது பெய்த மழையை யாரும் மறந்திருக்க முடியாது. வீட்டுக்குள் தண்ணீர் வந்த அந்த நாட்களில் போன்களும் நனைந்தன. ஒவ்வொரு ஐப்பசி, கார்த்திகையிலும் இந்தப் பிரச்சினை திரும்ப வரும். எனவே இதைத் தனியாகச் சொல்கிறோம்.

நனைந்த போனைச் சார்ஜில் போடவே கூடாது. "ஈரம் இருக்கிறது" என்று போனே எச்சரித்தால் அதைத் தள்ளிவிட்டுச் சார்ஜ் போட முயலாதீர்கள். போனை அணைத்து, சிம் தட்டை வெளியே எடுத்து, வாய் கீழே பார்க்கும்படி சாய்த்து, உள்ளங்கையில் மெதுவாகத் தட்டுங்கள். பிறகு மின்விசிறிக் காற்றில் வையுங்கள். பின் மட்டும் நனைந்திருந்தால் சில மணி நேரத்தில் காயும். போன் முழுவதும் மூழ்கியிருந்தால் அணைத்தபடியே கடைக்குக் கொண்டுபோய்த் திறந்து காயவைப்பதே நல்லது.

அரிசிப் பானைக்குள் போனைப் புதைக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. அரிசியின் மாவுத் துகள் பின்னுக்குள் போய் நிலைமையை மோசமாக்கும். அரிசியில் வைக்காதீர்கள் என்று ஆப்பிள் நிறுவனமே தன் வாடிக்கையாளர்களுக்குச் சொல்லியிருக்கிறது. ஹேர் டிரையரின் சூட்டுக் காற்றையும் பின்னுக்குள் அடிக்க வேண்டாம்.

கடல் நீரில் விழுந்த போன் இதைவிட ஆபத்தானது. தண்ணீர் காய்ந்தாலும் உப்பு உள்ளேயே தங்கி அரித்துக்கொண்டிருக்கும். உடனே அணைத்துவிட்டு அன்றைக்கே கடைக்குக் கொண்டுபோங்கள். நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் பல போன்களைக் காப்பாற்ற முடிவதில்லை.

பின் உடைந்தே போயிருந்தால்

இங்கேதான் போனின் அமைப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். சார்ஜ் பின் இரண்டு விதமாகப் பொருத்தப்பட்டிருக்கும்.

ஒன்று, தனிச் சின்ன போர்டு. இன்று நடுத்தர விலையில் விற்கும் பல ஆண்ட்ராய்டு போன்களில், போனின் அடிப்பகுதியில் ஒரு சிறிய போர்டு இருக்கும். அதில் சார்ஜ் பின்னும், நாம் பேசும் மைக்கும் சேர்ந்திருக்கும். ஒரு பட்டையான கேபிள் மூலம் அது தாய் போர்டுடன் இணையும். கடைக்காரர்கள் இதைச் "சி.சி. போர்டு" அல்லது "சப் போர்டு" என்பார்கள். இதைக் கழற்றிப் புதியது மாட்டப் பற்றவைப்பு தேவையில்லை. பாகத்தின் விலையும் பெரும்பாலான மாடல்களுக்குச் சில நூறு ரூபாய்தான்.

இரண்டாவது, தாய் போர்டிலேயே பற்றவைத்த பின். சூட்டுக் காற்றுக் கருவி, நுண்ணிய பற்றவைப்பு, பூதக்கண்ணாடி எல்லாம் வேண்டும். கொஞ்சம் தவறினால் போர்டில் உள்ள தடமே பிய்ந்து வந்துவிடும். இதை வீட்டில் முயல வேண்டாம். ஐபோன்களில் பின் ஒரு பட்டைக் கேபிளோடு தனிப் பாகமாக வந்தாலும், அதை எடுக்க மற்ற பல பாகங்களைக் கழற்ற வேண்டியிருப்பதால் அதுவும் பழகியவர் கைக்கே உரியது.

உங்கள் போன் எந்த வகை? அமைப்புகளுக்குள் "போனைப் பற்றி" என்ற இடத்தில் மாடல் எண் இருக்கும். அதை இணையத்தில் போட்டு "சார்ஜிங் போர்டு" என்று தேடுங்கள். பின்னும் மைக்கும் சேர்ந்த சிறு போர்டு படம் வந்தால் முதல் வகை. வெறும் உலோக வாய் மட்டும் விற்கிறார்கள் என்றால் பெரும்பாலும் இரண்டாம் வகை. ஒரே பெயரில் 4ஜி, 5ஜி என்று இரண்டு மாடல்கள் இருக்கலாம். எண் ஓர் எழுத்து மாறினாலும் போர்டு பொருந்தாது. புதுச்சேரியில் கிடைக்காத பாகம் சென்னை ரிச்சி தெருவில் கிடைக்க வாய்ப்புண்டு.

முதல் வகைப் போனை, வாரண்டி முடிந்திருந்தால், கைநுணுக்கம் உள்ள இளைஞர் வீட்டிலேயே சரிசெய்யலாம். வரிசை இதுதான்:

1. பேட்டரி கால் பங்குக்கும் குறைவாக இருக்கும்போது வேலையைத் தொடங்குங்கள். நிரம்பிய பேட்டரியில் கை தவறினால் ஆபத்து அதிகம். போனை அணைத்து, சிம் தட்டை எடுத்துவிடுங்கள். தட்டை எடுக்காமல் திறந்தால் அது உடையும்.

2. பின் மூடியின் ஓரங்களை ஹேர் டிரையரால் மிதமாகச் சூடாக்கி, மெல்லிய பிளாஸ்டிக் தகட்டால் சுற்றிலும் மெதுவாகப் பிரியுங்கள். கத்தி, பிளேடு கூடாது. சில போன்களில் கைரேகை சென்சாரின் கேபிள் மூடியோடு சேர்ந்திருக்கும். வெடுக்கென்று இழுத்தால் அறுந்துவிடும்.

3. ஸ்க்ரூக்களைக் கழற்றும்போது ஒரு வெள்ளைத் தாளில் போனின் படத்தை வரைந்து, எடுத்த இடத்திலேயே ஒவ்வொன்றையும் ஒட்டிவையுங்கள். சிறிய ஸ்க்ரூ இருந்த இடத்தில் நீளமானதை முறுக்கினால் அது போர்டைத் துளைத்துவிடும்.

4. மற்ற எதையும் தொடுமுன் பேட்டரியின் இணைப்பைப் பிளாஸ்டிக் கருவியால் எடுத்துவிடுங்கள். இதை விட்டுவிட்டு அடுத்த படிக்குப் போகவே கூடாது.

5. கீழ்ப்பக்கம் ஸ்பீக்கரோடு இருக்கும் மூடியைக் கழற்றி, பட்டைக் கேபிளையும், மெல்லிய ஆன்டெனா வயர் இருந்தால் அதையும் எடுத்து, பழைய போர்டை வெளியே எடுங்கள். அதன் மேல் ரப்பர் வளையம் இருந்தால் புதியதற்கு மாற்றுங்கள்.

6. புதிய போர்டை வைத்து, எடுத்த வரிசைக்குத் தலைகீழாக இணைத்து, பேட்டரியைக் கடைசியாக மாட்டுங்கள். மூடியை ஒட்டும் முன்பே சார்ஜ் ஏறுகிறதா, கேபிளை இரண்டு பக்கமும் திருப்பினால் ஏறுகிறதா, ஒருவருக்கு அழைத்துப் பேசினால் குரல் கேட்கிறதா, சிக்னல் இருக்கிறதா என்று பாருங்கள். மைக் இந்தப் போர்டில் இருப்பதால் பேச்சைச் சோதிப்பது அவசியம்.

மலிவான போர்டு போட்டால் சார்ஜ் ஏறும், ஆனால் வேகச் சார்ஜ் வேலை செய்யாமல் போகலாம். திறந்த போனுக்குத் தண்ணீரைத் தாங்கும் சக்தி முன்போல் இருக்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

கை வைக்கவே கூடாத நேரம்

போனின் பின்பக்கம் புடைத்திருந்தாலோ, திரை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்தாலோ பேட்டரி உப்பியிருக்கிறது என்று பொருள். சார்ஜில் போடாதீர்கள், அழுத்தாதீர்கள், துளையிடாதீர்கள். தீப்பிடிக்கக்கூடியது அது. தலையணைப் பக்கத்திலோ துணி அலமாரியிலோ வைக்காமல், எரியாத தரையில் தனியாக வைத்து, விரைவில் சர்வீஸ் சென்டரில் ஒப்படையுங்கள். குப்பை வண்டியிலும் போடக்கூடாது. பழைய மின்னணுப் பொருள்களைச் சேகரித்து மறுசுழற்சி செய்யும் பொறுப்பு, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்கழிவு விதிகளின்படி உற்பத்தியாளர்களுக்கு உண்டு.

கருகிய வாசனை, பின்னுக்குள் கருப்புத் தடம், சொருகியதும் பொறி, இவற்றில் எது இருந்தாலும் நம் முயற்சியை அங்கேயே நிறுத்த வேண்டும். வாரண்டி உள்ள போனையும் திறக்கக்கூடாது. பில்லைத் தேடி எடுத்து, தேதியைப் பார்த்துவிட்டு, முதலில் கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போங்கள்.

கடையில் கொடுக்கும்போது

பழுது பார்ப்பவரிடம் நாம் கொடுப்பது ஓர் அமானிதம். பெரும்பாலான சகோதரர்கள் நேர்மையாகவே வேலை செய்கிறார்கள். ஆனாலும் போனுக்குள் குடும்பப் படங்கள், வங்கி விவரங்கள் எல்லாம் இருப்பதால், குறிப்பாகப் பெண்களின் போனாக இருந்தால், நாம் சில காரியங்களைச் செய்துவிட்டுக் கொடுப்பது இருவருக்கும் நல்லது.

- சிம்மையும் மெமரி கார்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஓ.டி.பி. சிம்முக்குத்தான் வரும். அதை வேறு போனில் போட்டால் அவசர வேலையும் நடக்கும்.
- *#06# அழுத்தினால் வரும் ஐ.எம்.இ.ஐ. எண்ணை எழுதிவையுங்கள். போன் அணைந்திருந்தால் அட்டைப் பெட்டியிலோ பில்லிலோ இருக்கும்.
- சார்ஜ் பின் மாற்ற லாக் எண் தேவையில்லை. சார்ஜ் ஏறும் குறி லாக் திரையிலேயே தெரியும். மைக்கைச் சோதிக்க வேண்டுமானால் நீங்கள் நேரில் இருந்து திறந்து கொடுங்கள்.
- சார்ஜ் பின்னை மாற்றுவதால் போனில் உள்ள எதுவும் அழியாது. "ரீசெட் செய்ய வேண்டும், எல்லாம் போய்விடும்" என்று சொன்னால் ஏன் என்று கேளுங்கள். காரணம் புரியாவிட்டால் போனைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.
- எந்தப் பாகம், என்ன விலை, எத்தனை நாள் உத்தரவாதம் என்று முன்பே பேசி, சீட்டில் எழுதி வாங்குங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள்.
- கடையை விட்டு வருமுன் உங்கள் சொந்தக் கேபிளைச் சொருகிப் பாருங்கள்.

பழுது பார்ப்பதும் நம் உரிமை

பழுது பார்க்க முடியாதபடி பொருளைச் செய்வதும், பாகம் தராமல் புதிது வாங்க வைப்பதும் உலகம் முழுவதும் கேள்விக்குள்ளாகியிருக்கிறது. பிரான்சில் உறவினர் உள்ள குடும்பங்கள் நம் பகுதியில் உண்டு. அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். செல்போன் விற்கும் இடத்தில் விலையோடு, அதை எவ்வளவு எளிதாகப் பழுது பார்க்கலாம் என்பதற்குப் பத்துக்கு இத்தனை மதிப்பெண் என்றும் காட்ட வேண்டும் என்ற விதி அங்கே 2021 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் சந்தைக்கு வரும் செல்போன்களுக்கு, அந்த மாடலின் விற்பனை நின்ற பிறகும் 7 ஆண்டுகள் முக்கிய உதிரிப் பாகங்கள் கிடைக்கச் செய்ய வேண்டும்.

நம் நாட்டிலும் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பர் 24 அன்று "ரைட் டு ரிப்பேர்" என்ற இணையதளத்தைத் தொடங்கியது. கம்பெனிகளின் சர்வீஸ், வாரண்டி, உதிரிப் பாக விவரங்களை ஓரிடத்தில் பார்ப்பதற்கான தளம் அது. பிரான்சைப் போல இங்கும் மதிப்பெண் முறை கொண்டுவருவது பற்றி ஆராய 2024-ல் ஒரு குழு அமைக்கப்பட்டது. அந்தக் குழு 2025 மே மாதம் அறிக்கை கொடுத்தது. மதிப்பிட வேண்டிய முக்கிய பாகங்களின் பட்டியலில் பேட்டரி, திரை ஆகியவற்றோடு சார்ஜிங் போர்ட்டும் இடம்பெற்றிருக்கிறது.

வாரண்டி இருந்தும் மறுத்தால், வாங்கிய பணத்துக்கு வேலை செய்யாவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்துத் தமிழிலேயே பேசலாம். பில் கையில் இருக்க வேண்டும்.

இனி கெடாமல் இருக்க

சார்ஜில் போட்டபடி போனைப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். கேபிளை இழுத்து இழுத்து விளையாடும்போதுதான் பின் ஆடிப்போகிறது. வயரைப் பிடித்து உருவாமல் முனையைப் பிடித்து எடுங்கள். சொருகும்போது இறுக்கமாகத் தெரிந்தால் அழுத்தாமல் நிறுத்தி, வெளிச்சத்தில் பாருங்கள். மாதம் ஒரு முறை டார்ச் அடித்துப் பின்னைப் பார்ப்பதை வழக்கமாக்குங்கள். தலையணைக்கு அடியில் சார்ஜ் போடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். கடற்கரைக்குப் போகும்போது போனை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொள்ளுங்கள்.

நம் வீட்டுப் பிள்ளைகளில் ஸ்க்ரூ டிரைவரைக் கண்டாலே எதையாவது கழற்றிப் பார்க்கும் பையனோ பெண்ணோ இருந்தால் திட்டாதீர்கள். வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனங்களில் செல்போன் பழுதுபார்க்கும் பயிற்சி இலவசமாகவே தரப்படுகிறது. அதைக் கற்றவருக்கு ஒரு மேசையும் ஒரு விளக்கும் இருந்தால் வீட்டிலிருந்தே ஹலாலான வருமானம் உண்டு. பெண்கள் தங்கள் போனைத் தயக்கமில்லாமல் கொடுக்க ஒரு பெண்ணே இந்தத் தொழிலில் இருந்தால் அது நம் குடும்பங்களுக்குப் பெரிய உதவியாக இருக்கும்.

விண்ணப்பங்களுக்குக் கடைசித் தேதி நெருங்கும் நேரத்தில் போன் நின்றுவிட்டது என்பதற்காக எந்தப் பிள்ளையும் உதவித்தொகையை இழக்க வேண்டாம். அப்படி ஒரு நிலை வந்தால் சிம்மை எடுத்துக்கொண்டு டிரஸ்ட் அலுவலகத்துக்கு வாருங்கள். வேறு போனில் போட்டு அன்றைய வேலையை முடித்துவிடலாம், இன்ஷா அல்லாஹ். போனை அதற்குப் பிறகு நிதானமாகப் பார்க்கலாம்.

வஸ்ஸலாம்.

செயலாளர்